மிக்சரின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

முகிலா,

நீ இதைப் படிக்கிற நேரத்தில் ஜோக்ஜாகர்த்தாவில் உன் அறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். சட்டைகளை எல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு, அந்தச் சின்ன மிக்சரை மட்டும் பத்திரமாக எடுத்து மேசைமேல் வைத்திருப்பாய். அதைத் திருப்பிப் பார். அடியில், நடு ஸ்க்ரூவின்மேல், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். என்னவோ ஏதோ என்று பிய்த்துவிடாதே. அதை ஒட்டியது நான்தான். ஏன் ஒட்டினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிச் சொல்லியே என்னை முடிக்க விடமாட்டாய். காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. படித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. பிள்ளையின் சாமானில் கை வைக்கிற வியாதி எனக்கு மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை.

பெருமையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் வழக்கம்போல் சாப்பாடு, தலைமுடி, துவைக்காத ஜீன்ஸ் என்று திட்டிக்கொண்டே போய் அதை மறந்துவிடுவேன். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, தம்பி. பிரிஞ்சாங் மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் வாங்கப் போனால்கூட விற்கிறவளிடம் "என் மவன் இந்தோனேசியா போறான், ஒரு வருசம், அவங்களே கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லாமல் வர முடிவதில்லை. "என்ன வேலைக்கா?" என்று அவள் கேட்டதுதான் சிக்கல். "சத்தம் போடுற வேலை" என்று சொல்லி வைத்தேன். "அதுக்கு எதுக்குக்கா இந்தோனேசியா? எங்க வீட்டுல நாலு பேரு இருக்காங்க, அவங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க லா" என்றாள். நானும் சிரித்தேன். ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் அவளோடு சேர்ந்து உன்னைக் கிண்டல் செய்திருப்பேன். இந்தத் தடவை சிரித்து முடித்ததும், "அப்படி இல்ல, அது ஒரு மாதிரி சங்கீதம்" என்று விளக்க ஆரம்பித்தேன். பாவம், அவள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

உனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். எஸ்டேட் கோயில் திருவிழாவில் மைக் திடீரென்று 'கீ' என்று கத்தியது. அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நீ மட்டும் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்து ஓடினாய். போய் அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாய். உனக்குக் காது மந்தமோ என்று பயந்து, மறுநாளே தானா ராத்தா டவுனில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் என்னென்னவோ மாட்டிச் சோதித்துவிட்டு, "இவனுக்கு எல்லாம் நல்லாவே கேட்குதும்மா, நீங்க வீட்டுல கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்று அனுப்பிவிட்டார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் வகுப்பில், இரும்பு ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திச் சுண்டிவிட்டு நாள் முழுக்க 'ட்ட்ர்ர்' என்று சத்தம் எழுப்புகிறாய் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது, வகுப்பறை வாசலில் எல்லார் முன்னாலும் உன்னை அறைந்தேன். நீ அழவில்லை. "ஸ்கேல உள்ள இழுத்தா சத்தம் மாறுதும்மா" என்று மட்டும் சொன்னாய். எனக்கு அது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது. இரண்டாவது அறையும் விழுந்தது. இத்தனை வருடம் கழித்து அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ எனக்கு எதையோ காட்ட வந்தாய், நான் பார்க்கவில்லை.

என் காதின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். உங்கப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு ஏறுவதற்கு முன்னால், பினாங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஒன்பது வருடம் வேலை செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன வேலை என்று நீயும் கேட்டதில்லை, நானும் விவரமாகச் சொன்னதில்லை. ரேடியோ செட்டுகள் வரிசையாக என் மேசைக்கு வரும். காதில் ஹெட்போன். ஒவ்வொரு செட்டிலும் வால்யூம் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை திருப்ப வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் பச்சைப் பொட்டு. நடுவில் எங்கேயாவது 'கர்' என்று ஒரு தூசி அளவு சத்தம் வந்தால் சிவப்புப் பொட்டு, நேரே ரிஜெக்ட் கூடை. மூன்று விநாடி போதும் எனக்கு. லைனில் என் காதுக்கு அவ்வளவு மரியாதை. என் மேசையைத் தாண்டி ஒரு 'கர்' வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். இங்கே வந்த பிறகும் லைன் வீடுகளில் எந்த ரேடியோ இரைந்தாலும் என்னிடம்தான் வந்தது. ரேடியோக்கா என்றுதானே என்னைக் கூப்பிடுகிறார்கள். சத்தம் என்றால் கோளாறு, கோளாறு என்றால் சரிசெய்ய வேண்டும், இதற்குமேல் நான் யோசித்ததே இல்லை.

அப்படிப்பட்டவள் வயிற்றில் நீ பிறந்தாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரிஞ்சாங் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், பழைய சாமான் விரிப்பிலிருந்து துருப்பிடித்த ஒரு மிக்சரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். தீபாவளிக்குப் பொரிக்கிற மிக்சர் என்றால் உங்கப்பா சந்தோஷப்பட்டிருப்பார். இது மைக்செட்காரர் வைத்திருப்பாரே, அந்தப் பெட்டி. மைக் ஓர் ஓட்டையில், ஆர்மோனியம் ஓர் ஓட்டையில் என்று எல்லாம் உள்ளே போய்க் கலந்து ஸ்பீக்கருக்கு வெளியே வரும். நீ மைக்கும் மாட்டவில்லை, ஒன்றும் மாட்டவில்லை. வெளியே வருகிற ஒயரையே திருப்பி உள்ளே போகிற ஓட்டையில் சொருகினாய். திருவிழாவில் மைக்கைக் கத்த வைத்த அதே கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கி, குமிழ்களைத் திருப்பித் திருப்பி அதை அழ வைத்தாய், முனக வைத்தாய். உங்கப்பா, முப்பது வருடம் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷின்களோடு வாழ்கிற மனுஷன், வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "டேய், பேரிங் போச்சுடா அதுல, கிரீஸ் வெச்சுப் பாரு லா" என்றார். தன் வாலைத் தானே கடிக்கிற நாய் மாதிரி இருக்கிறதே இந்தப் பெட்டி என்று நான் சொன்னேன். நீ கோபிக்கவில்லை. "அதேதாம்மா" என்றாய்.

அந்தப் பெட்டியில் ஓர் இரைச்சல் உண்டு. இரண்டாவது சேனல் குமிழைத் தொட்டால் 'கரகர' என்று தொடங்கி, அடியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு 'உம்' ஓடும். ஒன்பது வருடம் பழகின என் காதில் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நீ ஈப்போவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்கப் போகிறாய், என்னையும் வரச் சொன்னாய். முதல் தடவையாகக் கூப்பிட்டிருக்கிறாய். வியாழக்கிழமை நீ திரிங்காப் பூந்தோட்டத்தில் வேலைக்குப் போன சமயம், மகனுக்கு ஓர் உபகாரம் செய்வோம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். முதலில் ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தது, அதை முறுக்கலாம் என்றுதான். பிறகு மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த தூசியைப் பார்த்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஒவ்வொரு குமிழையும் ஐம்பது தடவை திருப்பினேன். ஓர் இடத்தில் ஈயம் விரிசல் விட்டிருந்தது, அதைச் சூடாக்கிப் புதிதாகப் பற்றவைத்தேன். ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். பச்சைப் பொட்டு. அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான தாய் இந்த மலையில் இருந்திருக்க மாட்டாள்.

ஈப்போவில் அந்த மாடிக் கடை, மடக்கு நாற்காலிகள், இருபது பேர். நீ குமிழைத் தொட்டாய். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டாய். மெல்லிசாக, கெட்டில் கொதிக்கிற மாதிரி ஒரு விசில் மட்டும் வந்தது. நீ குனிந்து பெட்டியை முகர்ந்து பார்த்தாய். ஸ்ப்ரே வாசனை உனக்குத் தெரியாதா? நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலியோடு சேர்ந்து தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. நீ அந்த விசிலை வைத்துக்கொண்டே கால் மணி நேரம் சமாளித்தாய். முடிந்ததும் ஒருவன் வந்து, "என்ன ப்ரோ, ஆன்லைன்ல கேட்டது வேற மாதிரி இருந்துச்சே" என்று கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இன்னிக்கு மெஷின் கொஞ்சம் சுத்தமா இருந்துச்சுடா" என்றாய். அவ்வளவுதான். என்னை அவனுக்கு "எங்கம்மா" என்று அறிமுகம் செய்து வைத்தாய். முகிலா, உன் பாட்டு எனக்குப் புரிவதற்கு முன்னாலேயே உன்னை நினைத்து நான் பெருமைப்பட்டது அந்த நிமிடத்தில்தான். காட்டிக் கொடுக்க நூறு வழி இருந்தும் நீ காட்டிக் கொடுக்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் நீ வாயே திறக்கவில்லை. சிம்பாங் பூலாய் ரோட்டில் வளைவு வளைவாக ஏறி, எதிரே காய்கறி லோரிகள் இறங்கி, திரிங்காப் தாண்டும்வரை காருக்குள் வைப்பர் சத்தம் மட்டும்தான். கடைசியில், அவ்வளவு கெடுத்துவிட்டேனா என்று நானே கேட்டேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கரகரப்பத்தாம்மா ரெண்டு வருசமா பழகுனேன். எந்த இடத்துல தொட்டா எப்படி வரும்னு என் விரலுக்குத் தெரியும். இப்ப அது யாரோட பொட்டியோ மாதிரி இருக்கு" என்றாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைவிட மோசம், ஒரு வருடம் அங்கே தங்கி வாசிக்கச் சொல்லி ஜோக்ஜாவிலிருந்து வந்திருந்த அழைப்பு. அந்தப் பழைய பெட்டியின் பதிவைக் கேட்டுத்தான் அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள், மாதக் கடைசிக்குள் பதில் போடச் சொல்லியிருந்தார்கள். நீ பதில் போடவில்லை. "அந்தச் சத்தம் இல்லாம அங்க போய் நான் என்ன பண்றது?" என்று உங்கப்பாவிடம் சொன்னதை அடுப்படியில் நின்று கேட்டேன். உன் பயணத்தையே நான் துடைத்துவிட்டேனோ என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அதைத் திரும்ப அழுக்காக்கப் பார்த்தேன். சிரிக்காதே. ஃபேக்டரியிலிருந்து உங்கப்பா சட்டையில் ஒட்டி வருகிற தேயிலைத் தூளை உதறிக் குமிழ்களுக்குள் தூவினேன். மூடியைக் கழற்றி, மூன்று நாள் பின்வாசலில் மூடுபனி படும்படி வைத்தேன். நான் பற்றவைத்த இடத்தை மறுபடி சூடாக்கி, பழைய விரிசலை உண்டாக்கலாம் என்று ஊசியால் கீறினேன். அத்தோடு பெட்டி ஒரேயடியாகச் செத்துப்போனது. அது தானாகப் போய்விட்டது என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை, கொன்றது நான். ஒன்பது வருடம் கோளாறைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டவளுக்கு ஒரு கோளாறை உண்டாக்கத் தெரியவில்லை. தப்பைத் திருத்த இன்னொரு தப்பு செய்வதில் எனக்கு இருக்கிற திறமை உனக்கு வர வேண்டாம். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தாலும் இதை ஞாபகம் வைத்துக்கொள். அவள் கேட்காமல் அவளிடம் எதையும் சரிசெய்யப் போகாதே. உங்கப்பாவின் குறட்டையைச் சரிசெய்ய இருபத்தெட்டு வருடம் பார்த்தேன். இப்போது அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, "கெளம்பு, ஈப்போவுக்குப் போயி வேற மிக்சர் பாத்துட்டு வரலாம்" என்றேன். நீ சந்தேகமாகப் பார்த்தாய். "ஸ்க்ரூ டிரைவர வீட்டுலயே வெச்சிட்டு வர்றேன்டா" என்று சத்தியம் செய்த பிறகுதான் சட்டை மாற்றினாய். போகிற வழியில் என்ன வேண்டும் என்று கேட்டேன். நீ சொல்லச் சொல்ல, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தோள்பையில் அடங்க வேண்டும், விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம் போல. போனுக்கு மாட்டுகிற பவர் பேங்கிலேயே ஓட வேண்டும், வாசிக்கிற இடத்தில் கரண்ட் இருக்குமா என்று தெரியாது. ஒவ்வொரு சேனலுக்கும் 'ஆக்ஸ்' என்று தனிக் குமிழ் இருக்க வேண்டும், சத்தத்தைத் திருப்பி உள்ளே அனுப்புகிற வழி அதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, கூவல் வந்தால் தானாகவே அடக்குகிற புத்திசாலித்தனம் அதற்கு இருக்கவே கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வருடம் இதற்கு நேர் எதிரான ஒரு தாளைத்தான் மேசையில் ஒட்டி வைத்து வேலை செய்தேன்.

கடைக்காரச் சீனர் முதலில் எடுத்து வைத்தது திரை வைத்த பெட்டி. கத்தினால் தானே வெட்டிவிடும், ஆன்ட்டி, கோயிலுக்கு நல்லது என்று மலாயில் அடித்துச் சொன்னார். நீ மரியாதையாகத் தள்ளி வைத்தாய். அடுத்ததைப் பார்த்ததும் எனக்கு ஆசையாக இருந்தது. இரும்பு உடம்பு, ஒவ்வொரு குமிழின் தண்டும் உலோகம், நட்டு போட்டு முடுக்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஆனால் கை தடவிக்கொண்டே இருந்தது. நீ தூக்கிப் பார்த்தாய். அரிசிப் பை கனம், தனி அடாப்டர் வேறு. இருந்தாலும் எனக்காக, சட்டைப் பையிலிருந்து குட்டி ஒயரை எடுத்து வெளியே வருவதை உள்ளே சொருகிக் காட்டினாய். ஒரே சுருதியில் கத்தியது, குமிழைத் திருப்பினாலும் அதே கத்தல். "இதுக்கு ஒரு வார்த்ததாம்மா தெரியும்" என்றாய். கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் உன் கண் கண்ணாடி அலமாரியின் மூலைக்குப் போய்விட்டது. வெயிலில் நிறம் போன ஒரு குட்டிப் பெட்டி, வருடக்கணக்காக ஷோவுக்கு வைத்திருந்தது. "அது வேணாம் ஆன்ட்டி, டிஸ்ப்ளே பீஸ், ரோசாக் லா" என்று அவர் எனக்குத்தான் சொன்னார். கெட்டுப்போன சாமானை வாங்க விடாதே என்று ஒரு தாயிடம் முறையிட்டார், பாவம்.

நீ சொருகினாய். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஈரக் கட்டை தீப்பிடிக்கிற மாதிரி 'படபட' என்று தொடங்கி, ஒரு முனகல் எழுந்து, அது இரண்டாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போனது. என் வலது கை தானாக மேசையில் எதையோ தேடியது. சிவப்புப் பொட்டைத்தான் தேடியிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போது நீ திரும்பி என்னிடம் கேட்டாய், "ம்மா, இது எதனால இப்படி வருது? எத்தன நாளு தாங்கும்? பாத்துச் சொல்லுங்க." முகிலா, நீ கேட்ட அந்தக் கேள்விக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. அவ்வளவு கெடுத்துவிட்டு வந்தவளின் காதை நீ நம்பினாய். குனிந்து, கண்ணை மூடி, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை திருப்பினேன். "குமிழுக்குள்ள இருக்குற கரித்தடம் தேஞ்சிருக்குடா. இன்னும் தேயும், தேயத் தேய சத்தம் மாறும். ஆனா சாவாது. ரெண்டு வருசம் தாராளமா ஓடும்" என்றேன். "மாறட்டும், நானும் கூடவே மாறிக்கிறேன்" என்றாய். கடைக்காரருக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. ஆனாலும் நல்ல மனுஷன், வாங்குவது என்று முடிவானதும் கீழே குனிந்து கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்தார், சுத்தம் செய்து தருகிறேன் என்று. "வேணாம்! யாரும் கை வெக்கக் கூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. மலாயில் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவருக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. நீ சிரித்த சிரிப்பு, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் பார்த்த உன் முதல் சிரிப்பு.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதுதான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை, நீ சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாய். உங்கப்பா அரை நாள் வேலை முடித்து உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பேரிங் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "டேய், இது நம்ம ரெண்டாம் நம்பர் ரோலருடா. காலையில ஸ்டார்ட் எடுக்குறப்ப இப்படித்தான் மொனகும். எப்ப வந்து ரெக்கார்ட் பண்ண?" என்றார். நீ, "எங்கயும் போயி எடுக்கலப்பா. இதுக்குள்ள ஒண்ணுமே போவல" என்று அந்த ஒயரைத் தூக்கிக் காட்டினாய். அவர் ஈரத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "மறுபடியும் போடு" என்றார். முழுதாகக் கேட்டார். முடிந்ததும் எழுந்து, "பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அந்த மனுஷன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே நீ ஜோக்ஜாவுக்குப் பதில் போட்டாய்.

அங்கே யாராவது இதெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்டால் சண்டைக்குப் போகாதே. உட்கார வைத்து இன்னொரு தடவை வாசித்துக் காட்டு. எனக்கே இரண்டு வருடம் பிடித்தது. யாராவது அன்போடு வந்து உன் சாமானில் கை வைத்துக் கெடுத்தால், என்னிடம் செய்த மாதிரி திரிங்காப்வரை மௌனமாக வராதே. அப்போதே கத்திவிடு. அன்பு உள்ளவர்கள் கத்தலைத் தாங்குவார்கள், தாங்க முடியாதது அந்த வைப்பர் சத்தம்தான். நேரத்துக்குச் சாப்பிடு. ஜீன்ஸைத் துவை.

இப்போது பொட்டுக்கு வருகிறேன். நீ கிளம்புகிற அன்று காலை குளிக்கப் போனபோது, உன் பையைச் சரிபார்க்கிறேன் என்று மிக்சரை வெளியே எடுத்தேன். ஆட்டிப் பார்த்தேன். அடியில் நடு ஸ்க்ரூ லூசாக இருந்தது. ஒரு சுற்று முறுக்கினால் போதும். ஸ்க்ரூ டிரைவர் கையில் வந்துவிட்டது, எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு ஸ்க்ரூதானே என்றுதான் போன தடவையும் ஆரம்பித்தேன். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வைத்துவிட்டு, பழைய பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்தேன். பினாங்கிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சாமான் அதில் இருக்கிறது, பாதி தீர்ந்த ஒரு சுருள் சிவப்புப் பொட்டு. பசை காய்ந்துபோயிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கையை வைத்து அந்த ஸ்க்ரூவின்மேல் ஒட்டினேன், இனி யாரும் அதைத் திறக்காமல் இருக்க, முக்கியமாக நான். அந்த ஸ்க்ரூ லூசாகவே இருக்கட்டும், உனக்கு வேண்டுமானால் நீ முறுக்கிக்கொள்.

ஒன்பது வருடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டிய ஒரு பீஸைக்கூட நான் வெளியே விட்டதில்லை, தம்பி. இதுதான் முதல்.

உன் அம்மா